மின்னல் வந்த வழி: கோடை மழைக்குப் பிறகு வீட்டு இணையத்தைச் சரிசெய்தல்

ஏப்ரலிலும் மே மாதத்திலும் பெங்களூரில் பகல் முழுக்கப் புழுங்கினால் மாலையில் இடி கேட்கும். பருவமழைக்கு முந்தைய இந்த மழை நிதானமாகப் பெய்யாது. காற்றும் இடியுமாக ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். பருவமழை தொடங்கும் நாட்களும் அப்படித்தான். 2024 ஜூன் 2 அன்று ஒரே நாளில் 111.1 மில்லிமீட்டர் பெய்து, 1891 முதல் இருந்த ஜூன் மாதச் சாதனை முறிந்தது. நகரெங்கும் நூற்றுக்கணக்கான மரங்கள் விழுந்தன. மின்கம்பிகளும் இணையக் கம்பிகளும் அவற்றோடு சேர்ந்து அறுந்தன.

ஈஜிபுராவில் இந்த மழையின் பாதிப்பு கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். கோரமங்களா பள்ளத்தாக்கின் மழைநீர் பெல்லந்தூர் ஏரிக்கு ஓடும் வழியை ஒட்டிய தாழ்வான பகுதி இது. இருபதுக்கு முப்பது, முப்பதுக்கு நாற்பது அடி மனைகளில் மூன்று, நான்கு மாடி எழுப்பி, மாடிக்கு மாடி வாடகைக்கு விட்டிருப்பார்கள். மீட்டர் போர்டு தரைத்தளத்தில் இருக்கும். கேபிள்காரரின் பெட்டி மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக இருக்கும். ஒரு கட்டடத்திலிருந்து எதிர்க் கட்டடத்துக்குத் தெருவின் குறுக்கே கம்பிகள் தொங்கும். ஒரு மழை வந்துபோனால் மாடிக்கு மாடி ஒரே பேச்சு: "நெட் வரலை."

இந்த ஒரே புகாருக்குப் பின்னால் நான்கு வேறு காரணங்கள் இருக்கலாம். மின்னலால் கம்பியில் பாய்ந்த உயர் மின்னழுத்தம் ஒன்று. மின்வாரியக் கம்பியில் நியூட்ரல் அறுந்து வீட்டுக்குள் ஏறிய வோல்டேஜ் இரண்டாவது. தண்ணீர் மூன்றாவது. நான்காவது, வெளியே எங்கோ ஃபைபர் அறுந்திருப்பது; அப்போது வீட்டிலுள்ள சாதனங்கள் நன்றாகவே இருக்கும். எதுவென்று தெரியாமல் புது ரௌட்டர் வாங்குகிறவர்களில் பலர், நல்ல ரௌட்டரை அட்டைப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றுகிறார்கள். கேடு எந்தக் கம்பி வழியாக உள்ளே வந்தது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த அத்தியாயத்தின் மையம். அது தெரிந்துவிட்டால் எதை மாற்ற வேண்டும், எதைப் பாதுகாக்க வேண்டும் என்பது இரண்டும் தெளிவாகிவிடும்.

முதலில் உயிர், பிறகு ரௌட்டர்

கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆகும்வரை எந்தக் கம்பியையும் தொட வேண்டாம். மழை நின்றாலும் இந்தக் கணக்கு மாறாது.

தெருவிலோ மாடியிலோ அறுந்து கிடக்கும் கம்பி எதுவானாலும், அது கேபிள் டிவி கம்பியாகத் தெரிந்தாலும், அதில் மின்சாரம் இருக்கிறது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். ஃபைபரின் நடுவில் ஓடுவது கண்ணாடி இழை, அது மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் அதைத் தாங்கிப் பிடிக்கும் எஃகுக் கம்பி கடத்தும். அந்தக் கம்பியின் மறுமுனை எங்காவது மின்கம்பியின் மேல் விழுந்து கிடக்கலாம். மின்கம்பி அறுந்திருந்தால் மின்வாரியமான பெஸ்காமின் 1912 எண்ணுக்குச் சொல்லுங்கள். மரம் விழுந்திருந்தால் மாநகராட்சியின் 1533. இரண்டு இடத்திலும் புகார் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் காப்பீட்டுக்கும் அது உதவும்.

தரைத்தள வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து பிளக் பாயின்ட் வரை ஏறியிருந்தால் உள்ளே கால் வைக்காதீர்கள். மீட்டர் போர்டு உலர்ந்த இடத்தில் இருந்தால் அங்கே மெயினை அணைக்கலாம். அதுவும் நனைந்திருந்தால் லைன்மேனோ எலெக்ட்ரீஷியனோ வரும்வரை காத்திருங்கள்.

கரண்ட் வந்ததும் செய்ய வேண்டியது

கரண்ட் வந்தவுடன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் போடுவதுதான் வழக்கம். அடாப்டர்கள் அதிகம் சாவதும் அந்த நிமிடத்தில்தான். முதலில் ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி மட்டும் போட்டுப் பாருங்கள். விளக்கு வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிந்தாலோ, விசிறி வேகமாகச் சுற்றினாலோ, பக்கத்து வீட்டில் மங்கலாகவும் உங்கள் வீட்டில் பிரகாசமாகவும் இருந்தாலோ நியூட்ரலில் கோளாறு. உடனே மெயினை அணைத்துவிட்டு 1912ஐ அழையுங்கள்.

தெருவுக்கு வருவது மூன்று ஃபேஸ். ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே சுமார் 230 வோல்ட், இரண்டு ஃபேஸுக்கு இடையே சுமார் 400 வோல்ட். மரக்கிளை விழுந்து நியூட்ரல் மட்டும் அறுந்தால், வெவ்வேறு ஃபேஸில் இருக்கும் வீடுகள் அந்த 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும். நிறையப் பொருட்கள் ஓடும் வீட்டுக்குக் குறைவாகவும், ஒன்றிரண்டு மட்டும் ஓடும் வீட்டுக்கு அதிகமாகவும் வோல்டேஜ் போகும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ரௌட்டரை மட்டும் விட்டுவைத்த வீட்டில் 300 வோல்ட்டுக்கு மேலேயும் ஏறலாம். ரௌட்டர் அடாப்டரின் முதுகில் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை என்றுதான் அச்சிட்டிருக்கும். "மின்னல் அடிச்சுடுச்சு" என்று நாம் சொல்லும் இழப்புகளில் ஒரு பங்கு இந்த நியூட்ரல் வேலை.

வீட்டில் ஒரு மல்டிமீட்டர் இருப்பது நல்லது. பயன்படுத்தத் தெரிந்தவர் பிளக் பாயின்ட்டில் அளந்து, 230க்குப் பக்கத்தில் நிலையாக நிற்கிறதா என்று பார்த்தபின் ரௌட்டரைச் செருகலாம்.

விளக்குகள் சொல்வதைப் படியுங்கள்

வோல்டேஜ் சரி என்றால் ஃபைபர் பெட்டியையும் ரௌட்டரையும் ஓடவிட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். பிறகு விளக்குகளைப் பாருங்கள்.

1. எந்த விளக்கும் எரியவில்லை. முதல் சந்தேகம் அடாப்டர் மேல்தான். உள்ளிருக்கும் வேரிஸ்டரோ கெப்பாசிட்டரோ தன்னைப் பலிகொடுத்துப் பெட்டியைக் காப்பாற்றியிருக்கலாம். வேறு அடாப்டரால் சோதிக்கும்போது வோல்ட் எண் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் அதேயளவோ கூடுதலாகவோ இருக்கலாம். பிளஸ், மைனஸ் முனைக் குறியும் பொருந்த வேண்டும். செட்டாப் பாக்ஸின் அடாப்டர் துளையில் பொருந்துகிறதே என்று செருகிவிடாதீர்கள்.

2. விளக்கு வந்து, சில நிமிடத்துக்கு ஒருமுறை அணைந்து மீண்டும் தொடங்குகிறது. அடாப்டர் அரைகுறையாகச் செத்திருக்கிறது. சுமை ஏறும்போது வோல்டேஜ் விழுகிறது. இங்கும் அடாப்டரை மாற்றிப் பார்ப்பதே முதல் வேலை.

3. எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிகிறது. ஒளி வந்து சேரவில்லை, அவ்வளவுதான். பெட்டி நன்றாக இருக்கிறது, ஃபைபர் எங்கோ அறுந்திருக்கிறது அல்லது மடிந்திருக்கிறது. வீட்டுக்குள் கதவிடுக்கிலோ அலமாரிக்குப் பின்னாலோ நசுங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பச்சை முனையைக் கழற்றிக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டாம். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் ஒளி.

4. ஃபைபர் இணைப்பைக் காட்டும் பான் விளக்கு நிலையாக எரிகிறது, இணைய விளக்கு மட்டும் சிவப்பு. கோளாறு நிறுவனத்தின் பக்கம் இருக்கலாம். அல்லது மின்வெட்டில் ரௌட்டர் பழைய நிலைக்குத் திரும்பி, பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் மறந்திருக்கலாம். அவற்றை மீண்டும் உள்ளிட்டால் போதும்.

5. வைஃபை வேலை செய்கிறது, கம்பியில் செருகிய கணினிக்கு மட்டும் இணையம் இல்லை. லேன் துளை ஒன்று எரிந்திருக்கலாம். வேறு துளை, வேறு கம்பி என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். கணினியின் பக்கம் இருக்கும் துளையும் செத்திருக்கலாம்.

6. கம்பியில் இணையம் வருகிறது, ஆனால் 100 மெகாபிட்டைத் தாண்டவில்லை. லேன் கம்பிக்குள் நான்கு ஜோடிகள். கிகாபிட் வேகத்துக்கு நான்கும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டு போதும். கம்பியை மாற்றியும் வேகம் கூடாவிட்டால் துளையின் ஒரு பகுதி போய்விட்டது என்று பொருள்.

எந்த வழியாக வந்தது?

மின்னல் உங்கள் வீட்டின் மேல் விழ வேண்டியதில்லை. சில நூறு மீட்டர் தள்ளி விழுந்தாலும், மாடிவிட்டு மாடி தொங்கும் நீண்ட செம்புக் கம்பியில் ஒரு கணம் ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் தூண்டிவிடும். லேன் துளைக்குள் இருக்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மர் 1,500 வோல்ட் வரை தாங்கும்படி அமைந்தது. அதைத் தாண்டியது உள்ளே பாயும். பள்ளம் பார்த்து ஓடும் தண்ணீரைப் போல அது பூமிக்குப் போக ஒரு வழி தேடும். ரௌட்டரிலிருந்து கணினிக்கு, கணினியின் மூன்றாவது பின்னிலிருந்து எர்த்துக்கு என்று போகும் வழியில் இருப்பதையெல்லாம் எரித்துவிட்டுப் போகும்.

அதனால் எது எது செத்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். தடயம் அதிலேயே இருக்கிறது.

அடாப்டர், டிவி, ஃபிரிட்ஜ், செல்போன் சார்ஜர் எனக் கலந்து செத்திருந்தால், கேடு வந்தது மின்சாரக் கம்பி வழியாக. மற்றதெல்லாம் நன்றாக இருந்து, இணையம் உள்ளே வரும் துளை மட்டும் எரிந்திருந்தால், மொட்டை மாடிப் பெட்டியிலிருந்து இறங்கும் செம்புக் கம்பி வழியாக. நேரடி ஃபைபர் இல்லாமல், மாடியிலுள்ள சுவிட்சிலிருந்து லேன் கம்பியை வீட்டுக்குள் இறக்கியிருக்கும் கட்டடங்களில் இது அடிக்கடி நடக்கும். ஒரே மாலையில் நான்கு வீட்டு ரௌட்டர்கள் செத்தால் வேறெங்கும் தேட வேண்டாம், மாடிப் பெட்டியைத்தான் பார்க்க வேண்டும். கண்காணிப்புக் கேமரா ரெக்கார்டரும் அதோடு இணைத்த லேன் துளையும் செத்திருந்தால் குற்றவாளி வெளிச்சுவரிலுள்ள கேமராவின் கம்பி.

வீடுவரை ஃபைபர் வந்திருந்தால் இந்த வழிகளில் ஒன்று அடைபட்டுவிட்டது. ஒன்றை மட்டும் சரிபாருங்கள். ஃபைபரோடு வரும் எஃகுக் கம்பியை வெளிச்சுவரிலேயே கொக்கியில் கட்டி நறுக்கியிருக்க வேண்டும். அதையும் சேர்த்து உள்ளே இழுத்துப் பெட்டிக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்தால், கேபிள் தம்பி வரும்போது சொல்லி நறுக்கச் செய்யுங்கள்.

நனைந்த சாதனம்

நனைந்ததைக் கரண்டில் போட்டுப் பார்க்காதீர்கள். பல சாதனங்களைத் தண்ணீர் கொல்வதில்லை, தண்ணீரோடு சேர்ந்த மின்சாரம்தான் கொல்கிறது. பிளக்கைப் பிடுங்குங்கள், பேட்டரி இருந்தால் கழற்றுங்கள். மழைநீர் மட்டும் சொட்டியிருந்தால் மூடியைத் திறந்து, நிழலில், விசிறிக் காற்றில் இரண்டு மூன்று நாள் உலர்த்துங்கள். கடும் வெயிலோ சூடான ஹேர் டிரையரோ வேண்டாம். அரிசிக்குள் புதைப்பதால் பயன் இல்லை, தூசுதான் சேரும்.

தெருத் தண்ணீரில் மூழ்கியது வேறு கதை. அதில் சாக்கடையும் மண்ணும் கலந்திருக்கும், உலர்ந்த பிறகும் உப்பும் சேறும் பலகையில் தங்கி மெல்ல அரிக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுக்கலாம். விலை குறைந்த ரௌட்டர் என்றால் அந்தச் செலவு வீண். நனைந்த அடாப்டர், ஸ்பைக் பஸ்டர், எக்ஸ்டென்ஷன் பெட்டி ஆகியவற்றை எந்த நிலையிலும் மீண்டும் பயன்படுத்தக் கூடாது. அவற்றில் ஓடுவது 230 வோல்ட். உப்பிய லித்தியம் பேட்டரியும் அப்படியே, உடனே வெளியே வையுங்கள்.

யாரிடம் என்ன சொல்வது

ஃபைபர் பெட்டி பெரும்பாலும் நிறுவனத்தின் சொத்து. அதைத் திறக்காதீர்கள். திறந்தால் பழுது உங்கள் தலையில் விழும். வாடிக்கையாளர் சேவையில் "நெட் வரலை" என்று மட்டும் சொன்னால், "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்" என்பதுதான் பதிலாக வரும். இப்படிச் சொல்லுங்கள்: "நேற்று மாலை இடிமழை. எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பு. அடாப்டர் மாற்றிப் பார்த்துவிட்டேன். பக்கத்து வீட்டிலும் இல்லை." இதைக் கேட்டால் ஆள் அனுப்ப வேண்டிய வேலை இது என்று அவர்களுக்கே புரியும். விளக்குகளையும் சாதனத்தின் வரிசை எண்ணையும் போட்டோ எடுத்து வையுங்கள். பல நாள் இணைப்பு இல்லாமல் போனால் அந்த நாட்களுக்குக் கட்டணக் கழிவு கேளுங்கள். தானாகக் கொடுப்பார்கள் என்று இருந்துவிடாதீர்கள்.

சொந்தமாக வாங்கிய சாதனத்தின் வாரண்டியில் மின்னலும் தண்ணீரும் பெரும்பாலும் சேராது. வீட்டுக் காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் வழங்கும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுப் பாலிசியில் மின்னலும் புயலும் வெள்ளமும் உண்டு. வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுப் பொருட்களுக்கு மட்டும் எடுக்கலாம். ஆனால் மின்சாதனத்துக்குள் ஏற்படும் ஷார்ட் சர்க்யூட், மிகை மின்னழுத்தம் பற்றிய விலக்குப் பகுதியைக் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். பல சண்டைகள் அந்தப் பத்தியில்தான் தொடங்குகின்றன.

பழுது பார்ப்பதா, மாற்றுவதா

அடாப்டர் மட்டும் போயிருந்தால் யோசனையே வேண்டாம், சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். எஸ்.பி. ரோடு என்று எல்லோரும் சொல்லும் சதர் பத்ரப்பா சாலையில் அடாப்டர், லேன் கம்பி, சுவிட்ச் எல்லாம் கிடைக்கும். செத்த அடாப்டரைக் கையோடு கொண்டுபோங்கள். மடிக்கணினியின் லேன் துளை எரிந்திருந்தால் மதர்போர்டை மாற்ற வேண்டியதில்லை. யு.எஸ்.பி.யில் செருகும் லேன் அடாப்டர் போதும்.

ஒரு துளை எரிந்து மற்றவை ஓடும் ரௌட்டரைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளலாம். வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர் அதை நம்பி மாதக்கணக்கில் இருக்க வேண்டாம். ஒருமுறை அடிவாங்கிய பாகங்கள் பிறகு ஒரு சாதாரண நாளில் சாகும். கணினியோ ஹார்ட் டிஸ்கோ அதே கம்பியில் இருந்திருந்தால், முதல் வேலையாகக் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுங்கள். பழைய ஃபைபர் பெட்டிகளை மலிவாக வாங்க வேண்டாம். அவை பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் இணைப்புக்கே பூட்டப்பட்டிருக்கும்.

செத்தவற்றை உலர்குப்பையில் போடாதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி இவை பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் போக வேண்டியவை.

அடுத்த இடிக்கு முன்

இலவசமான பாதுகாப்புதான் எல்லாவற்றிலும் சிறந்தது: இடி தொடங்கும் முன் பிளக்கைப் பிடுங்குவது. சுவிட்சை அணைப்பது போதாது. சுவிட்ச் வெட்டுவது ஃபேஸை மட்டும்தான், அதிலுள்ள சிறு இடைவெளியை மின்னல் தாண்டிவிடும். பிளக்கோடு வெளியிலிருந்து வரும் செம்பு லேன் கம்பியையும் கழற்றுங்கள். பலர் மறப்பது இதைத்தான். ஃபைபரைக் கழற்ற வேண்டியதில்லை. முனையில் தூசு படிந்தால் புதுத் தொல்லை. மின்னல் எச்சரிக்கைக்குப் புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செயலி இருக்கிறது. செயலி இல்லையென்றாலும், மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கிடலாம். ஆனால் இடி காதில் விழும் தூரம் வந்துவிட்டால் பிளக்கையும் கம்பியையும் தொடும் நேரம் போய்விட்டது. அதனால் வானம் கறுக்கும்போதே பிடுங்கிவிடுங்கள், வேலைக்குக் கிளம்பும்போதும் பிடுங்கிவிட்டுப் போங்கள்.

கம்பி சுவருக்குள் நுழையும் துளையைப் பாருங்கள். துளைக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலேற்றி உள்ளே விட்டால், மழைநீர் வளைவின் அடியில் சொட்டிவிடும். நேராக இறங்கும் கம்பி தண்ணீரை ரௌட்டர்வரை கூட்டிவரும். தரைத்தளத்தில் இருப்பவர்கள் பெட்டியையும் ஸ்பைக் பஸ்டரையும் தரையில் வைக்காமல் இடுப்புக்கு மேலே மாட்டுங்கள். இணைப்பின் பயனர்பெயர், கடவுச்சொல், கம்பிகள் செருகியிருக்கும் நிலையின் போட்டோ மூன்றையும் செல்போனில் வைத்திருங்கள்.

ரௌட்டருக்கான மினி யு.பி.எஸ். கரண்ட் போனாலும் ஃபைபர் இணைப்பை ஓடவைக்கும். கூட்டம் நடுவே அறுந்துபோகாமல் இருக்க அது உதவும். மின்னலுக்கு அது கவசம் அல்ல.

கையில் பணம் குறைவென்றால்

செலவு செய்யும் வரிசை இது. முதலில் எர்த். வாடகை வீடுகளில் பிளக்கின் மூன்றாவது துளை வெறும் அலங்காரமாக இருப்பதுண்டு. எர்த் இல்லாத ஸ்பைக் பஸ்டர் பாதி வேலைதான் செய்யும். எலெக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்து, இல்லையென்றால் ஓனரிடம் கேளுங்கள். ஷாக் அடித்தால் ஆள் போய்விடும் என்று சொல்லிக் கேட்டால் இணையத்துக்காகக் கேட்பதைவிடச் சீக்கிரம் நடக்கும், அது உண்மையும்கூட. இரண்டாவது, வோல்டேஜ் எல்லை தாண்டினால் தானே துண்டிக்கும் கருவி. நியூட்ரல் அறுந்தால் காப்பாற்றுவது அதுதான். மூன்றாவது, மாடியிலிருந்து செம்புக் கம்பியில் வரும் இணைப்பை வீடுவரை ஃபைபராக மாற்றிக்கொள்வது. பல நேரம் கேட்டாலே மாற்றித் தருவார்கள். நான்காவது, மெயின் போர்டில் பொருத்தும் டைப் 2 மின்னெழுச்சித் தடுப்பான். எல்லா வீட்டுக்காரரும் பங்கு போட்டு, ஓனர் வழியாகச் செய்ய வேண்டியது இது. விலை உயர்ந்த ஸ்பைக் பஸ்டர் இந்தப் பட்டியலில் கடைசி. கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டுவது அதைத்தான் என்பதால், பட்டியலை எழுதிக்கொண்டே கடைக்குப் போங்கள்.